நர்ஸிங் மாணவியரின் மன இறுக்கமும் தளர்வுப் பயிற்சியும்

பிறருடைய நோயைத் தணிக்கும் தொழிலுக்கு ஒருவரைப் பழக்கும்போது, பழகுபவரின் உடலுக்கும் உள்ளத்திற்கும் நேரும் தேய்மானத்தையும் கவனிக்க வேண்டும் என்னும் கருத்து, மருத்துவ உலகில் மெல்ல மெல்லத்தான் வேரூன்றியது. பதினேழு, பதினெட்டு வயதில் பள்ளிப் படிப்பை முடித்து நர்ஸிங் கல்லூரியில் சேரும் மாணவி, உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல் முதலிய பாடங்களைக் கற்கிறாள், பரீட்சை எழுதுகிறாள். இவ்வளவில் அவள் பிற கல்லூரி மாணவியரிலிருந்து வேறுபட்டவள் அல்லள். ஆனால் அவள் ஆஸ்பத்திரியின் வார்டிலும் நிற்க வேண்டியிருக்கிறது. வலியால் துடிப்பவரையும் உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரையும் அவள் தன் வாழ்நாளில் முதன் முறையாக அங்கேதான் காண்கிறாள். மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பிறர் உயிருக்குத் தீங்கு நேரும் என்னும் அச்சம் அவளை விட்டு அகலுவதில்லை. இவ்வச்சத்தோடு இரவு வேலை, உறக்கக் குறைவு, மேற்பார்வையாளரின் கண்டிப்பு ஆகியனவும் சேர்கின்றன.

நர்ஸிங் கல்விக்குப் பெயர்பெற்ற நகரங்களுள் பெங்களூர் ஒன்று. கர்நாடகத்தைச் சேர்ந்தவர்களோடு, கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் மாணவ மாணவியர் பெருந்தொகையினராக இங்கு வந்து பயிலுகின்றனர். வீட்டைவிட்டுப் பிரிந்து விடுதியில் வாழும் இவர்களுக்கு மொழியும் ஓர் இடர்ப்பாடாக அமைகிறது. பாடம் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. படுக்கையில் இருக்கும் நோயாளியோ கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் தம் துன்பத்தைக் கூறுகிறார். அவர் கூறுவது விளங்காதபோது மாணவிக்கு ஏற்படும் திகைப்பு எளிதில் மறையக் கூடியதன்று.

இதே நகரம் மனநல ஆராய்ச்சிக்கும் நிலைக்களமாக விளங்குகிறது. 1954-ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கப்பெற்ற அகில இந்திய மனநலக் கழகமும், அதனை அடுத்திருந்த மனநோய் ஆஸ்பத்திரியும் 1974-இல் ஒன்றாக இணைக்கப்பட்டு, தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகம் (நிம்ஹான்ஸ்) உருவாயிற்று. நகருக்குத் தெற்கே ஜிகணிக்கு அருகில் உள்ள சுவாமி விவேகானந்த யோக ஆராய்ச்சி நிலையம், உடல் தளர்வு நிலையில் நிகழும் மாறுதல்களைக் கருவிகளால் அளந்து வந்துள்ளது. இறுக்கத்திற்கு உள்ளாகும் இளைஞர்களும் தளர்வை அளந்தறியும் ஆய்வுக் கூடங்களும் ஒரே நகரில் அமைந்திருப்பதால், தளர்வுப் பயிற்சியை நர்ஸிங் கல்வியில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் கேள்வி இங்கு இயல்பாகவே எழுகிறது.

இறுக்கத்தின்போது உடலில் நிகழ்வன

ஆபத்தை எதிர்ப்படும் பிராணி ஒன்று போரிடுவதற்கோ ஓடுவதற்கோ ஆயத்தமாகிறது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். பரிவு நரம்பு மண்டலம் விழிப்படைகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமடைகிறது, இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது, செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குச் செல்லும் இரத்தம் கூடுகிறது.

ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் 1936-இல் எலிகளை வைத்து நடத்திய பரிசோதனைகள் இவ்வறிவை மேலும் விரிவுபடுத்தின. குளிர், காயம், மிகையான உழைப்பு, நச்சுப் பொருள் என எலிகளுக்கு நேர்ந்த இன்னல் எதுவாயினும், உடலில் காணப்பட்ட மாறுதல்கள் ஒரே தன்மையனவாக இருந்தன. அட்ரினல் சுரப்பிகள் பருத்தன; தைமஸ் சுரப்பி சுருங்கியது; இரைப்பையில் புண்கள் தோன்றின. முதலில் அதிர்ச்சி, அடுத்து எதிர்த்து நிற்றல், இறுதியில் சோர்ந்து வீழ்தல் என மூன்று படிகளாக இவ்விளைவு நிகழ்வதை அவர் எடுத்துக் காட்டினார். மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது அட்ரினல் சுரப்பியின் புறணியைத் தூண்டிக் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

காட்டில் புலியைக் கண்ட மான் ஓடித் தப்பிவிட்டால் அதன் உடல் பழைய நிலையை அடைந்துவிடுகிறது. வார்டில் நிற்கும் மாணவியால் ஓடவும் இயலாது, போரிடவும் இயலாது. ஓடுவதற்காக ஆயத்தமான தசைகள் செயலின்றி இறுகியே நிற்கின்றன. பிடரியில் வலி, தலைநோவு, வயிற்றுக் கோளாறு, உறக்கமின்மை ஆகியன இதன் வெளிப்படையான அடையாளங்கள். கவனக் குறைவும் மறதியும் இதனோடு தொடர்புடையன. ஆகவே மாணவியின் இறுக்கம் அவளை மட்டும் பாதிப்பதன்று. அவள் கையால் மருந்து பெறும் நோயாளியையும் பாதிக்கக் கூடியது.

இறுக்கம் முழுவதுமே தீமையானது என்று கருதுவதும் தவறாகும். ஓரளவு விழிப்பும் பரபரப்பும் இருக்கும்போதுதான் வேலை நன்கு நடைபெறுகிறது. அவை மிகுந்துவிட்டால், குறிப்பாகக் கடினமான வேலைகளில், திறமை குன்றுகிறது. யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இருவர் 1908-இல் சுண்டெலிகளை வைத்துச் செய்த பரிசோதனையிலிருந்து வளர்ந்த கருத்து இது. தேவைக்கு மேற்பட்ட இறுக்கத்தைக் களைவதும், வேலை முடிந்த பின்னரும் அது உடலில் தங்கிவிடாமல் தடுப்பதுமே தளர்வுப் பயிற்சியின் நோக்கம்.

ஜேக்கப்ஸன் கண்ட முறை

தளர்வு என்பதைக் கற்பிக்கத் தக்க ஒரு திறமையாக விஞ்ஞான முறையில் வகுத்தவர் எட்மண்ட் ஜேக்கப்ஸன் என்னும் அமெரிக்க மருத்துவர். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் மாணவராக இருந்தபோது, எதிர்பாராத பேரோசையைக் கேட்டு மனிதர் திடுக்கிடுவதை அவர் ஆராய்ந்தார். தசைகளை நன்கு தளர்த்தக் கற்றவர்கள் அவ்வோசைக்குப் பெரும்பாலும் திடுக்கிடுவதில்லை என்பதைக் கண்டார். பின்னர்ச் சிகாகோவில் தசைகளில் எழும் மிக நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்து, கையை அசைப்பதாக ஒருவர் மனத்தில் எண்ணினாலே அக்கைத் தசையில் மின்மாறுதல் தோன்றுவதைக் கண்டறிந்தார். மனத்தின் கலக்கமும் தசையின் இறுக்கமும் இணைந்தே நிற்பவை. ஒன்றைத் தளர்த்தினால் மற்றொன்றும் தளரும் என்பது அவர் கொண்ட முடிவு. இம்முறையை விளக்கும் அவருடைய நூல் 1929-இல் வெளிவந்தது.

ஜேக்கப்ஸன் வகுத்த பயிற்சி நீண்டது. அதில் தேர்ச்சி பெறப் பல மாதங்கள் தேவைப்பட்டன. பெர்ன்ஸ்டைன், பார்கோவெக் என்னும் உளவியல் அறிஞர்கள் 1973-இல் இதனைச் சுருக்கி, உடலின் தசைகளைப் பதினாறு தொகுதிகளாக வகுத்தனர். இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய சுருக்க முறையே.

பயிலுபவர் அமைதியான அறையில், சாய்வு நாற்காலியிலோ விரிப்பின்மீதோ அமர்ந்து அல்லது படுத்துக் கண்களை மூடிக் கொள்ள வேண்டும். வலக்கை விரல்களை மடக்கி முஷ்டியை ஐந்து முதல் ஏழு விநாடிகள் வரை இறுக்க வேண்டும். அப்போது முன்கையில் தோன்றும் இழுவிசையை மனத்தால் கவனிக்க வேண்டும். பின்னர்ச் சட்டென்று கையை விட்டுவிட்டு, அரை நிமிஷ நேரம் தளர்ச்சியின் உணர்வைக் கவனிக்க வேண்டும். இவ்வாறே மேற்கை, இடக்கை, நெற்றி, கண்கள், தாடை, கழுத்து, மார்பும் தோள்களும், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்னும் வரிசையில் ஒவ்வொரு தொகுதியையும் இறுக்கித் தளர்த்த வேண்டும். பாதத்தையும் கெண்டைக்காலையும் நெடுநேரம் இறுக்கினால் சுளுக்கிக் கொள்ளும். ஆகையால் அவற்றைச் சிறிது நேரமே இறுக்குதல் நலம். கழுத்திலோ முதுகிலோ காயம் உள்ளவர்கள் அப்பகுதிகளை விட்டுவிட வேண்டும்.

இறுக்குவது எதற்காக என்று கேட்கலாம். பலர் தம் தோள் தசைகள் நாள் முழுவதும் இறுகியிருப்பதை அறிவதே இல்லை. இறுக்கத்தையும் தளர்வையும் அடுத்தடுத்து உணரும்போது இரண்டிற்கும் உள்ள வேற்றுமை புலனாகிறது. சில வாரங்கள் பழகிய பின் பதினாறு தொகுதிகளை ஏழாகவும், பின்னர் நான்காகவும் குறைத்துக் கொள்ளலாம். இறுதியில் தசையை இறுக்காமலே, தளர்வை நினைவுகூர்ந்த அளவில் அதனைப் பெற இயலும். வார்டில் நின்றுகொண்டிருக்கும் மாணவிக்குப் பயன்படுவது இவ்விறுதிப் படியே.

மூச்சின் பங்கு

இதயத் துடிப்பை நினைத்தபோது குறைத்துக்கொள்ளப் பெரும்பாலோரால் இயலாது. மூச்சின் வேகத்தைக் குறைக்க யாவராலும் இயலும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைவாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. வெளியே விடும் நேரத்தில் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் மிகுவதே இதற்குக் காரணம். நிமிஷத்திற்கு ஏறத்தாழ ஆறு முறை மூச்சுவிடும்போது, மூச்சின் அலையும் இரத்த அழுத்தத்தின் இயற்கையான அலையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இத்தாலிய நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2001-இல் 23 பேரை ஆராய்ந்தனர். இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லும்போதும், மந்திரம் ஒன்றை ஓதும்போதும் அவர்களுடைய மூச்சு ஏறத்தாழ இந்த ஆறு என்னும் அளவிற்கு வந்து நின்றதை அவர்கள் கண்டனர். வெவ்வேறு சமயங்களில் தோன்றிய வழக்கங்கள் ஒரே உடலியல் விளைவைத் தருவது கருதத் தக்கது.

பயிற்சி எளிது. நான்கு எண்ணும் வரை மூச்சை மெல்ல இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடிகள். நிமிஷத்திற்கு ஆறு சுற்றுகள். ஊசி போடுவதற்கு முன்போ, செய்முறைப் பரீட்சைக்கு அழைக்கப்படுவதற்கு முன்போ இரண்டு நிமிஷங்கள் இதனைச் செய்யலாம். மூச்சை மிகையாக ஆழ இழுத்து விரைந்து விடுதல் கூடாது. அவ்வாறு செய்தால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறிக் குறைந்து, தலைசுற்றலும் விரல்களில் மதமதப்பும் உண்டாகும்.

சவாசனமும் பெங்களூர் ஆராய்ச்சியும்

நம் நாட்டில் நெடுங்காலமாக வழக்கில் இருந்துவரும் சவாசனம், மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டது அண்மை நூற்றாண்டில்தான். பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.கே. தாதேயும் அவர் குழுவினரும் இரத்த அழுத்த நோயாளிகள் 47 பேருக்குச் சவாசனம் பயிற்றுவித்து, அதன் பயனை 1969-இல் வெளியிட்டனர். அவர்களுள் பலருக்கு இரத்த அழுத்தம் குறைந்தது. மருந்து உட்கொண்டு வந்த சிலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது.

பெங்களூர் யோக ஆராய்ச்சி நிலையத்தில் வகுக்கப்பட்ட ‘ஆவர்த்தன தியானம்’ இதனினும் சற்று வேறானது. சோர்ந்த மனத்தைத் தட்டி எழுப்பவும், அலைபாயும் மனத்தை அமைதிப்படுத்தவும் வேண்டும் என்னும் மாண்டூக்ய காரிகையின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, மெதுவாகச் செய்யும் ஆசனங்களையும் படுத்த நிலையில் தளர்வதையும் மாற்றி மாற்றி அமைத்துள்ளனர். ஒரு முறை செய்து முடிக்க ஏறத்தாழ 22 நிமிஷங்கள் ஆகும். ஷெர்லி டெல்லஸ், எச்.ஆர். நாகேந்திரா முதலியோர் 40 ஆடவர்களிடம் நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சிக்குப் பின் உடல் உட்கொள்ளும் பிராணவாயுவின் அளவு 32.1 சதவீதமும், சவாசனத்திற்குப் பின் 10.1 சதவீதமும் குறைந்தன. 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 50 ஆடவர்கள் பங்கு பெற்றனர். அதில் இக்குறைவு முறையே 19.3, 4.8 சதவீதமாக இருந்தது. இரு ஆய்வுகளின் எண்களும் வேறுபட்டாலும் அவை காட்டும் திசை ஒன்றே. அசைவுக்குப் பின் பெறும் ஓய்வு, வெறும் ஓய்வைவிட ஆழமாக அமைகிறது. நாள் முழுதும் பரபரப்புடன் நடமாடிய ஒருவர் உடனே படுத்துத் தளர்வது கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால், நர்ஸிங் மாணவியருக்கு இம்முறை பொருத்தமானதாகத் தோன்றுகிறது. எனினும் ஆராயப்பட்டவர்கள் யாவரும் ஆடவர்கள். மாணவியருக்கும் அதே அளவு பயன் கிட்டும் என்று இவ்வெண்களைக் கொண்டு மட்டும் முடிவு கட்ட இயலாது.

சான்றுகளின் வலிமை

கர்நாடகத்தில் 1996-இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி சுகாதார விஞ்ஞானப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் முதுநிலை நர்ஸிங் பயிலுவோர், தளர்வுப் பயிற்சியைத் தம் ஆய்வேடுகளுக்குப் பொருளாக எடுத்துக் கொள்வதுண்டு. இத்தகைய ஆய்வுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஷெல்டன் கோஹன் முதலியோர் 1983-இல் வகுத்தது போன்ற வினாத்தாளைக் கொடுத்து மாணவியரின் இறுக்கத்தை மதிப்பிடுகின்றனர். சில வாரங்கள் பயிற்சி அளிக்கின்றனர். மீண்டும் அதே வினாத்தாளைக் கொடுத்து ஒப்பிடுகின்றனர். இறுக்கம் குறைந்தது என்னும் முடிவே பெரும்பாலும் கிடைக்கிறது.

இம்முடிவுகளை ஏற்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. ஆராயப்படுவோர் தொகை பல சமயங்களில் சிறியது. பயிற்சி அளித்த ஆசிரியரே வினாத்தாளையும் கொடுத்தால், அவர் எதிர்பார்க்கும் விடையை எழுத மாணவியர் விரும்பக் கூடும். பரீட்சை முடிந்த பிறகு இறுக்கம் தானாகவே குறையும். பயிற்சி பெறாத மற்றொரு குழுவோடு ஒப்பிட்டாலன்றி, குறைந்தது எதனால் என்று கூற முடியாது. பயிற்சி நின்று ஆறு மாதம் சென்ற பின் பயன் நிலைத்திருக்கிறதா என்பதும் ஆராயப்பட வேண்டும். வினாத்தாளோடு இதயத் துடிப்பு, உறக்கத்தின் அளவு, உமிழ்நீரிலுள்ள கார்ட்டிசால் ஆகியவற்றையும் அளந்து நடத்தும் ஆய்வுகளே உறுதியான முடிவைத் தரும். இதற்கு வேண்டிய கல்லூரிகளும் கூடங்களும் பெங்களூரிலேயே உள்ளன.

பயிற்சியின் எல்லை

லண்டனில் ஒரு பெரிய போதனா ஆஸ்பத்திரியின் நர்ஸுகளை ஆராய்ந்த இசபெல் மென்ஸீஸ் என்னும் பெண்மணி, 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முக்கியமான உண்மையை உணர்த்தினார். அங்குப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே வெளியேறினர். நோயாளியின் துன்பம் நர்ஸின் மனத்தைத் தாக்காதிருக்கும் பொருட்டு, நிருவாகம் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலரிடம் ஒப்படைத்திருந்தது. மாணவியரை வார்டுக்கு வார்டு அடிக்கடி மாற்றி வந்தது. இவ்வேற்பாடு அவர்களுடைய கவலையைப் போக்குவதற்கு மாறாக அதனை வளர்த்தது; நோயாளியைத் தம் கவனிப்பால் தேற்றினோம் என்னும் நிறைவையும் பறித்துவிட்டது.

இதிலிருந்து பெறப்படும் படிப்பினை தெளிவானது. ஒரு வார்டில் போதிய நர்ஸுகள் இல்லாமையும், இரவு வேலைக்குப் பின் ஓய்வின்றிக் காலை வகுப்பில் அமர நேர்வதும், பிறர் முன்னிலையில் கடிந்துகொள்ளப்படுவதும் மாணவியின் தசையில் தோன்றிய குறைகள் அல்ல. அவற்றை மூச்சுப் பயிற்சியால் போக்க முயலுவது, ஒழுகும் கூரையை மாற்றாமல் கீழே பாத்திரத்தை வைப்பது போன்றதாகும். தளர்வுப் பயிற்சி மாணவியின் தாங்கும் ஆற்றலைப் பெருக்கும்; தாங்க வேண்டாத சுமையைக் குறைப்பது கல்லூரியின் கடமை.

வேறோர் எல்லையும் உண்டு. சிலருக்குக் கண்ணை மூடித் தளரும்போது அமைதிக்குப் பதிலாகக் கலக்கமே மிகுகிறது. அத்தகையவர்கள் கண்ணைத் திறந்தவாறு மூச்சை மட்டும் கவனிக்கலாம், மெல்ல நடக்கலாம், கட்டாயப்படுத்துதல் தகாது. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் உணவும் பிடிக்காமல் இருப்பதும், எதிலும் நாட்டம் இன்றி உயிர் வாழ்வதே வீண் என்னும் எண்ணம் தோன்றுவதும் நோயின் அறிகுறிகள். அவற்றிற்கு மருத்துவரின் உதவி உடனே தேவை. மத்திய அரசு 10-10-2022 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவித் திட்டத்தின் தலைமை நிலையமாக நிம்ஹான்ஸ் விளங்குகிறது. 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேச வசதி உண்டு.

பாடத்திட்டத்தில் இடம்

நர்ஸிங் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகளைக் கொண்டது; புதிய விதிகளின்படி அது எட்டுப் பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதற் பருவத்திலேயே, வார்டுக்குச் செல்வதற்கு முன், தசைத் தளர்வு முறையை வாரத்திற்கு இரு முறை அரை மணி நேரம் கற்பிப்பது பெரிய செலவைக் கோருவதன்று. ஒரு கூடமும் சில விரிப்புகளும் முறையறிந்த ஓர் ஆசிரியரும் போதும். கற்றதை மாணவியர் நாள்தோறும் விடுதியில் பத்து நிமிஷமேனும் செய்து வந்தாலன்றித் திறமை கைகூடாது. நீந்தக் கற்பவர் வெள்ளம் வந்த பிறகு பயிற்சியைத் தொடங்குவதில்லை. பரீட்சைக்கு முதல் நாள் ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்வதால் பெரும் பயன் விளையாது.

இப்பயிற்சியினால் மற்றொரு நன்மையும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரும், பிரசவ வலியில் இருப்பவரும், உறக்கம் வராமல் தவிப்பவரும் நாளும் அம்மாணவியின் பராமரிப்பில் வருகின்றனர். தன் தோளைத் தளர்த்தவும் தன் மூச்சை நிதானப்படுத்தவும் அறிந்தவள், அவற்றை அவர்களுக்கும் சொல்லித்தர முடியும். கட்டுப் போடுவதையும் நாடி பார்ப்பதையும் போலத் தளர்வும் நர்ஸுக்கு வேண்டிய தொழில் திறமைகளுள் ஒன்று எனக் கொள்வதே பொருத்தமாகும்.